சிகாகோவில் மேயர் இறந்தால் அதிகாரம் யாரிடம் போகிறது?

ஒரு தலைவர் இறந்துபோனால் அவர் கையிலிருந்த அதிகாரம் என்ன ஆகிறது? அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள சிகாகோ இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பச் சந்தித்திருக்கிறது. 1893க்கும் 1987க்கும் இடையில் அந்நகரின் மேயர்கள் நான்கு பேர் பதவியில் இருக்கும்போதே இறந்தார்கள். கார்ட்டர் ஹாரிசன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். ஆன்டன் செர்மாக் மயாமியில் குண்டடிபட்டு ஏறத்தாழ மூன்று வாரம் போராடி இறந்தார். ரிச்சர்ட் ஜே. டேலிக்கு மருத்துவரின் அறையில் மாரடைப்பு வந்தது. ஹெரால்டு வாஷிங்டன் மேயர் அலுவலக மேசையிலேயே சரிந்தார். இவர்களைத் தவிர நகரமன்ற உறுப்பினர்களான ஆல்டர்மேன்கள், மாநிலச் சட்டமன்றத்தினர், நாடாளுமன்ற உறுப்பினர்கள், வார்டுக் கட்சித் தலைவர்கள் எனப் பலர் பதவிக் காலத்திலோ பதவிக்கான போட்டியிலோ உயிரிழந்தார்கள். ஒவ்வொரு மரணத்தின்போதும் பத்திரிகைகள் ஒரு யுகம் முடிந்ததாகவே எழுதின. யுகம் உண்மையில் முடிந்ததா என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு.

அவர்கள் சொன்ன பதில்களை நான்கு தரப்புகளாகப் பார்க்கலாம். தலைவரின் ஆளுமையே அதிகாரம், அவரோடு அது போய்விடும் என்பது ஒன்று. கட்சி இயந்திரம் ஆளைச் சார்ந்ததல்ல, ஆள் மாறினாலும் அது ஓடும் என்பது இன்னொன்று. இரண்டும் மேலோட்டம், குற்றக் கும்பல்களின் துப்பாக்கியை விட்டுவிட்டு இந்நகரின் அரசியலைப் பேச முடியாது என்பது மூன்றாவது. இனமும் குடியேற்றமும் வாக்காளர் தொகையை மாற்றிக்கொண்டே இருந்தன, மரணங்கள் அந்த மாற்றம் வெளிப்பட்ட தருணங்கள் மட்டுமே என்பது நான்காவது. இவை ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் நான்குமே ஒரு சாதாரணச் செயலுக்குப் போதிய கவனம் தரவில்லை. காலியான இடத்தை அடுத்த சில நாள்களில் நிரப்பும் உரிமை யாரிடம் இருந்தது, அதை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதே அது. மரணத்தின் விளைவு எப்படி அமைந்தது என்பதை, இறந்தவரின் பெருமையைவிட இந்த உரிமையே பெருமளவு தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எந்த மரணங்கள் கணக்கில் வரும்?

முதலில் ஒரு எச்சரிக்கை. ஒருவர் இறந்த ஊரை வைத்து அரசியல் முடிவுக்கு வருவது அபாயகரமானது. சிகாகோவிலும் அதன் புறநகர்களிலும் இறந்த அரசியல்வாதிகளின் பட்டியல் நீளமானது, ஆனால் அதில் பாதிக்கு மேல் நம் கேள்வியோடு தொடர்பில்லாதது. சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் ஐந்து முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர். 1926 அக்டோபரில் எல்ம்ஹர்ஸ்ட் என்ற புறநகரில் அவர் இறந்ததற்குக் காரணம், அங்கிருந்த இயற்கை மருத்துவ விடுதியில் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்தது. துணைக் குடியரசுத் தலைவராக இருந்த சார்லஸ் டாஸ் 1951இல் எவன்ஸ்டனில் ஏரிக்கரையோர வீட்டில் இறந்தபோது அவர் பதவி விட்டு இருபதாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. மற்றொரு முன்னாள் துணைத் தலைவரான முதலாம் அட்லாய் ஸ்டீவன்சனும் 1914இல் சிகாகோவில்தான் இறந்தார். இவையெல்லாம் மருத்துவமனைகளும் வசதியான குடியிருப்புகளும் எங்கே இருந்தன என்பதைச் சொல்கின்றன. அரசியலைப் பற்றிச் சொல்வது குறைவு.

இதற்கு நேர்மாறாக, நகர வரலாற்றில் மிகப் பெரிய விளைவை ஏற்படுத்திய மரணம் அந்தப் பட்டியலிலேயே வராது. செர்மாக் இறந்தது ஃபுளோரிடாவில். ஆகவே இறந்த இடத்தைவிட, இறந்தபோது கையில் என்ன இருந்தது என்பதே பயனுள்ள அளவுகோல். முன்னாள் மேயர் வில்லியம் ஹேல் தாம்சன் 1944 மார்ச்சில் பிளாக்ஸ்டோன் ஹோட்டலில் இறந்தார். அவருடைய வங்கிப் பெட்டகங்களில் 18 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தது பிறகு தெரியவந்தது. அரசியலில் அவர் செல்வாக்கு 1931 தேர்தல் தோல்வியோடு வற்றத் தொடங்கிவிட்டது. பெட்டகத்துக்கு வாரிசுத் தகராறு வரலாம், நகரமன்றத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. எட்வர்ட் கெல்லியும் அப்படியே. 1947இல் கட்சியே அவரை மெல்ல ஒதுக்கிவிட்டது, 1950இல் அவர் இறந்தபோது நகர ஆட்சியில் நிரப்ப வேண்டிய வெற்றிடம் எதுவும் இல்லை.

தலைவர்தான் எல்லாம் என்போர்

சிகாகோ அரசியலைப் பற்றிப் பொதுமக்கள் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரம் ஆளுமைகளின் சித்திரம். குதிரையில் நகர்வலம் வந்த ஹாரிசன், கவ்பாய்த் தொப்பி அணிந்த தாம்சன், நகரையே தன் வார்டுபோல நடத்திய டேலி என்று கதைகள் ஓடும். இத்தரப்புக்கு வலுவான ஆதாரம் பத்திரிகையாளர் மைக் ராய்கோ 1971இல் டேலி பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல். வேலை நியமனம், ஒப்பந்தம், வேட்பாளர் தேர்வு எல்லாம் ஒரே மனிதரின் மேசையைக் கடந்தே சென்றன என்பதை அது விவரிக்கிறது. மேயர் பதவியோடு குக் கவுண்டி ஜனநாயகக் கட்சித் தலைமையையும் டேலி தன்னிடமே வைத்திருந்தார். அரசுக் கருவூலமும் கட்சி அமைப்பும் ஒரே கையில் இருந்தது அவர் பலத்தின் ரகசியம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் ராய்கோவின் நூல் டேலி உயிரோடு அதிகாரத்தின் உச்சியில் இருந்தபோது எழுதப்பட்டது. தலைவர் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி சொல்ல இயலாது. டேலி 1976 டிசம்பர் 20 அன்று இறந்தார். 1979 பிப்ரவரியில் அவர் வாரிசாக வந்த மேயர் கட்சிக்குள்ளான முதல்நிலைத் தேர்தலில் ஜேன் பைர்னிடம் தோற்றார். இடையில் இரண்டே ஆண்டுகள். டேலியோடு இயந்திரம் செத்தது என்று ஆளுமைத் தரப்பு சொல்ல இது போதும்போல் தோன்றும். தேதிகளை இன்னும் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் கதை மாறுகிறது. 1972 ஒன்றிலேயே டேலி எத்தனை அடி வாங்கினார்! கட்சியின் தேசிய மாநாட்டில் அவர் தலைமையிலான பிரதிநிதிக் குழு வெளியேற்றப்பட்டது. கவர்னர் பதவிக்கான முதல்நிலைத் தேர்தலில் அவர் ஆதரித்த பால் சைமனை டான் வாக்கர் வென்றார். மாவட்ட அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹான்ராஹன் நவம்பரில் குடியரசுக் கட்சிக்காரரிடம் தோற்றார். அரசியல் காரணத்துக்காக ஊழியரை வேலைநீக்கம் செய்வதைத் தடுக்கும் ஷாக்மன் வழக்கின் முதல் ஒப்பந்த ஆணையும் அதே ஆண்டில் வந்தது. இவ்வளவும் நடந்தபின்பும் டேலி 1975இல் ஆறாவது முறையாக மேயராக வென்றார். சரிவு அவர் காலத்திலேயே தொடங்கியிருந்தது. அதை மறைக்க அவரால் முடிந்தது, பின்வந்தவரால் முடியவில்லை. ஆளுமைக்கு இவ்வளவு பங்கு கொடுப்பது நியாயம்.

ஆள் போனாலும் இயந்திரம் ஓடும் என்போர்

இரண்டாவது தரப்பின் மூலவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு காஸ்னல். 1937இல் வெளிவந்த அவர் ஆய்வு, பொருளாதார மந்தம் நாட்டையே உலுக்கிய காலத்திலும் இந்நகரின் கட்சி அமைப்பு எப்படித் தாக்குப்பிடித்தது என்பதை வார்டு வார்டாக ஆராய்ந்தது. பிறகு சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். ஏழைக்கும் புதிதாகக் குடியேறியவருக்கும் அரசு செய்யாததைக் கட்சி செய்கிறது, அந்தத் தேவை இருக்கும்வரை கட்சி இயந்திரமும் இருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1961இல் எட்வர்ட் பான்ஃபீல்டும் 1975இல் மில்டன் ராகோவும் இதே திசையில் சென்றார்கள். செல்வாக்கைச் சேர்ப்பதும் செலவிடுவதும் அமைப்பின் வேலை, தலைவர் அதன் தரகர்.

இத்தரப்புக்கு 1933ஐவிடச் சிறந்த சான்று இல்லை. போஹீமியாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்த செர்மாக், செக், போலிஷ், யூத, ஜெர்மன் வாக்காளர்களை ஒன்றுசேர்த்து 1931இல் தாம்சனைத் தோற்கடித்தார். 1933 பிப்ரவரி 15 அன்று மயாமியில், பதவியேற்கக் காத்திருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கூட்டத்தில் ஜியூசெப்பே ஜங்காரா சுட்ட குண்டு செர்மாக்கின் உடலில் பாய்ந்தது. மார்ச் 6 அன்று அவர் இறந்தார். அடுத்த மேயரை நகரமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆனால் மன்ற உறுப்பினர் ஒருவரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். கட்சித் தலைவர் பாட்ரிக் நாஷ் மனத்தில் இருந்தவரோ கழிவுநீர் மாவட்டத்தின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் கெல்லி, அவர் ஆல்டர்மேன் அல்லர். தடை நீண்ட நாள் நிற்கவில்லை. ஆல்டர்மேன் ஃபிராங்க் கார் சில வாரம் இடைக்கால மேயராக இருந்தார், அதற்குள் மாநிலச் சட்டமன்றம் விதியையே மாற்றிக் கொடுத்தது, ஏப்ரலில் கெல்லி மேயரானார். பதினான்கு ஆண்டுகள் அவர் ஆண்டார். நாற்காலிக்கேற்ப ஆளைத் தேடாமல், ஆளுக்கேற்ப நாற்காலியை மாற்றிக்கொண்ட இயந்திரம் அது.

ஆயினும் இயந்திரக் கோட்பாட்டால் இங்கேயே விளக்க முடியாத ஒன்றும் உண்டு. அமைப்பு தொடர்ந்தது, அதன் உரிமையாளர்கள் மாறிவிட்டார்கள். செர்மாக் கட்டிய பல்லினக் கூட்டணி ஐரிஷ் தலைவர்களின் கைக்குப் போனது. 1933 முதல் 1979 வரை மேயர்களாக இருந்த கெல்லி, கென்னலி, டேலி, பிலாண்டிக் ஆகிய நால்வரும் நகரின் தென்பகுதியிலுள்ள பிரிட்ஜ்போர்ட் என்ற ஒரே குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். பிலாண்டிக் குரோவேஷிய வம்சாவளி, மற்ற மூவரும் ஐரிஷ். செர்மாக் பத்தாண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தால் இந்த வரிசை உருவாகியிருக்குமா என்பது ஐயமே. அமைப்பு சாகவில்லை என்பது ஓர் உண்மை, அமைப்பு யாருடையது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதையும் தீர்த்ததாக நினைப்பது இத்தரப்பின் பலவீனம்.

துப்பாக்கி பேசிய இடங்கள்

குற்றக் கும்பல்களை மையமாக வைக்கும் தரப்பு பெரும்பாலும் பத்திரிகையாளர்களுடையது. பல்கலைக்கழகங்கள் இதைக் கொஞ்சம் கூச்சத்தோடே அணுகின. 1928 முதல்நிலைத் தேர்தலில் வெடித்த குண்டுகளின் எண்ணிக்கையால் அதற்கு 'அன்னாசிப்பழத் தேர்தல்' என்ற பெயரே வந்தது. கைக்குண்டுக்கு அப்போதைய கொச்சைப் பெயர் அன்னாசி. அத்தேர்தலுக்குச் சில வாரம் முன்பு வார்டுக் கட்சித் தலைவர் 'டைமண்ட் ஜோ' எஸ்போசிட்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். 20ஆவது வார்டில் செல்வாக்கு மிக்க மோரிஸ் எல்லரை எதிர்த்து வார்டுக் கட்சிப் பதவிக்குப் போட்டியிட்ட கறுப்பின வழக்கறிஞர் ஆக்டேவியஸ் கிரானடி வாக்குப்பதிவு நாளிலேயே கொல்லப்பட்டார். 1935, 1936 ஆண்டுகளில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1953இல் இன்னொருவர் தன் வீட்டருகே கடத்திச் செல்லப்பட்டார், பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

இவற்றுள் ஆராயத் தக்கது 24ஆவது வார்டின் கதை. யூதர்கள் மிகுந்திருந்த அந்த மேற்குப்புற வார்டு ஜேக்கப் ஆர்வியின் கோட்டையாக இருந்து, ஐம்பதுகளில் கறுப்பின மக்களின் பகுதியாக மாறியது. பெஞ்சமின் லூயிஸ் அதன் முதல் கறுப்பின ஆல்டர்மேன். 1963 பிப்ரவரி இறுதியில் மறுதேர்தலில் பெரும் வெற்றி பெற்ற இரண்டு நாளில், வார்டு அலுவலகத்தில் கைவிலங்கிட்டுத் தலையில் சுடப்பட்ட நிலையில் அவர் உடல் கிடைத்தது. வழக்கு துலங்கவேயில்லை. கும்பல்தான் காரணம், வார்டின் வருமானத்தில் பங்கு கேட்டார், பழைய புரவலர்களை மீறினார் என்று பல ஊகங்கள் உண்டு. எதையும் நிறுவ முடியாது. நிறுவக்கூடியது அடுத்து நடந்தது மட்டும். அவருடைய உதவியாளராக இருந்த ஜார்ஜ் காலின்ஸ் ஆல்டர்மேனானார், 1970இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1972 டிசம்பர் 8 அன்று மிட்வே விமான நிலையத்தருகே யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் வீடுகள்மீது விழுந்தபோது இறந்த 45 பேரில் அவரும் ஒருவர். 1973 ஜூன் இடைத்தேர்தலில் அவர் மனைவி கார்டிஸ் காலின்ஸ் கட்சி ஆதரவுடன் வென்று 1997 தொடக்கம்வரை அந்தத் தொகுதியைத் தன்வசம் வைத்திருந்தார். ஒரு கொலை, ஒரு விபத்து. இரண்டும் முற்றிலும் வேறு வகை மரணங்கள். இரண்டுக்கும் பிறகு இடத்தை நிரப்பிய முறை ஒன்றே.

துப்பாக்கித் தரப்பின் குறை இங்கே தெரிகிறது. ஏன் கொன்றார்கள் என்று அது ஓயாமல் கேட்கிறது, கொன்ற பின் என்ன மாறியது என்று கேட்பதில்லை. செர்மாக்கைக் கும்பல்தான் ஆளனுப்பிக் கொன்றது என்ற கதையும் இப்படித்தான் வளர்ந்தது. ஜங்காரா ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்தான் என்பதே பெரும்பான்மை வரலாற்றாசிரியர்களின் முடிவு. சதிக்கதையை ஏற்றுக்கொண்டாலும், நாஷ் எப்படி கெல்லியைக் கொண்டுவந்தார் என்பதை அது விளக்குவதில்லை.

வாக்காளர் கணக்கு

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வலுப்பெற்ற நான்காவது தரப்பு, பால் கிளெப்னர், வில்லியம் கிரிம்ஷா போன்றோருடையது. கறுப்பின வாக்காளர்கள் இயந்திரத்தின் உறுதியான தூணாக இருந்து, அதிலிருந்து விலகி, தமக்கென ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்த நெடும் பயணமே இவர்களுக்கு முக்கியம். தனி மரணங்கள் அப்பயணத்தின் மைல்கற்கள் மட்டுமே. 1969 டிசம்பர் 4 விடியுமுன், ஹான்ராஹன் அலுவலகத்தோடு இணைந்த காவலர்கள் நடத்திய சோதனையில் கருஞ்சிறுத்தைக் கட்சியின் 21 வயதுத் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன் படுக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார், மார்க் கிளார்க்கும் இறந்தார். 1972இல் ஹான்ராஹன் தோற்றதற்குக் கறுப்பின வார்டுகள் டேலியின் கட்டளையை மீறி எதிராக வாக்களித்தது பெரிய காரணம். அதே ஆண்டு, டேலியின் நம்பிக்கைக்குரியவராக இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் ரால்ஃப் மெட்காஃப் காவல்துறை வன்முறையைக் கண்டித்துப் பிரிந்தார். 1983இல் ஹெரால்டு வாஷிங்டன் மும்முனை முதல்நிலைத் தேர்தலில் பைர்னையும் டேலியின் மகனையும் வென்று, ஏப்ரலில் குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் எப்டனைக் குறுகிய வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

இந்த விளக்கம் 1983வரை நன்றாகப் பொருந்துகிறது. 1987இல்தான் இடறுகிறது. வாக்காளர் தொகையே விதி என்றால், வாஷிங்டன் மறைந்த பின்பும் அந்தத் தொகை அப்படியே இருந்தது. இன விகிதம் பதினாறு மாதத்தில் தலைகீழாகவில்லை. ஆனால் 1989 ஏப்ரலில் டேலியின் அதே மகன் ரிச்சர்ட் எம். டேலி மேயரானார், 2011வரை அசைக்க முடியாதவராக இருந்தார். இடையில் நடந்தது என்ன?

நிரப்பும் உரிமை

வாஷிங்டன் 1987 நவம்பர் 25 அன்று இறந்தார். மன்றத்தில் 29க்கு 21 என்று அவரை மூன்றாண்டு முடக்கிவைத்த எதிரணியை, நீதிமன்ற உத்தரவால் நடந்த 1986 மறுதேர்தல்கள் 25க்கு 25 என்று சமப்படுத்தியிருந்தன. சமநிலையை உடைக்கும் வாக்கு மேயருடையது. அவர் மறைந்ததும் அந்த ஏற்பாடு குலைந்தது. டேலி இறந்தபின் சட்டத்தில் இருந்த ஓட்டையை அடைக்க உருவாக்கிய துணை மேயர் பதவியில் டேவிட் ஆர் இருந்தார், ஒரு வாரம் அவர் பொறுப்பு வகித்தார். டிசம்பர் 1 இரவு கூடிய மன்றம் விடியற்காலைவரை நீண்டது, வெளியே ஆயிரக்கணக்கானோர் முழக்கமிட்டார்கள். மன்றத்தில் வாஷிங்டன் அணியின் தலைவராக இருந்த டிமதி எவன்ஸை 29க்கு 19 என்று தோற்கடித்து ஆல்டர்மேன் யூஜீன் சாயர் மேயரானார். இருவரும் கறுப்பினத்தவர், இருவரும் பழைய கட்சி அமைப்பில் தொடங்கியவர்கள். சாயருக்குக் கிடைத்த வாக்குகளில் பெரும்பங்கு வாஷிங்டனை எதிர்த்துவந்த வெள்ளையர் ஆல்டர்மேன்களுடையது. எதிரணியால் தன் ஆளை மேயராக்க முடியவில்லை, வாஷிங்டன் அணியின் வாரிசு யார் என்பதைத் தீர்மானிக்க மட்டும் முடிந்தது. அந்த இரவின் பிளவு ஆறவில்லை. நீதிமன்றத் தீர்ப்பின்படி 1989இல் நடந்த இடைத்தேர்தலில் முதல்நிலையில் சாயர் தோற்றார், தனிக் கட்சியில் நின்ற எவன்ஸ் ஏப்ரலில் தோற்றார்.

1976இல் நடந்ததும் இதே தர்க்கம். டேலி இறந்ததும், மன்றத்தின் தற்காலிகத் தலைவர் வில்சன் ஃபிராஸ்ட் இடைக்கால மேயர் தானே என்று உரிமை கோரினார். அவர் கறுப்பினத்தவர். அப்படி ஒரு விதி இல்லை என்று நகராட்சி வழக்கறிஞர் சொன்னார். மேயர் அலுவலகக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் டேலியின் சொந்த வார்டான 11ஆவது வார்டின் ஆல்டர்மேன் மைக்கேல் பிலாண்டிக் மேயரானார், ஃபிராஸ்டுக்கு நிதிக்குழுத் தலைமை கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். கட்சித் தலைமை வேறொருவரான ஜார்ஜ் டன்னிடம் போனது. டேலி ஒரே கையில் வைத்திருந்த இரண்டும் இப்படிப் பிரிந்தன. 1979 தோல்விக்குப் பனிப்புயலைக் காரணம் சொல்வது வழக்கம். ஜனவரிப் பனியில் நகரம் முடங்கியது உண்மை. பனியைத் தாங்க முடியாத அளவுக்கு மேயர் பதவியை மெலியவைத்தது இந்தப் பிரிவினை என்றே தோன்றுகிறது.

இன்னொரு சான்று குறைவாகவே பேசப்படுகிறது. மெட்காஃப் 1978 அக்டோபர் 10 அன்று, தேர்தலுக்குச் சில வாரமே இருக்கையில் இறந்தார். இயந்திரத்தை எதிர்த்து நின்று வென்றவரின் இடம் அது. ஆனால் வாக்குச்சீட்டில் அவர் பெயருக்குப் பதிலாக யார் என்பதை முடிவு செய்யும் உரிமை வார்டுக் கட்சித் தலைவர்களிடம் இருந்தது. அவர்கள் விசுவாசி பென்னட் ஸ்டூவர்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர் வென்றார். இரண்டே ஆண்டில், 1980 முதல்நிலைத் தேர்தலில், வாஷிங்டன் அவரைத் தோற்கடித்தார். நியமித்தவர்கள் நினைத்தது ஒன்று, வாக்காளர் செய்தது வேறொன்று.

இது புதிதல்ல. 1861 ஜூன் 3 அன்று ஜனநாயகக் கட்சிச் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் சிகாகோவின் டிரமாண்ட் ஹவுஸ் ஹோட்டலில் இறந்தார். குடியரசுக் கட்சிக் கவர்னர் தன் கட்சியின் ஆர்வில் பிரவுனிங்கை அந்த இடத்துக்கு நியமித்தார். 1863இல் சட்டமன்றம் மீண்டும் ஜனநாயகக் கட்சிக்காரரைத் தேர்ந்தெடுத்தது. 1893 அக்டோபர் 28 அன்று, உலகக் கண்காட்சி முடிய இரண்டு நாள் இருக்கையில், பதவி தருவதாகத் தனக்கு வாக்களிக்கப்பட்டதென்று நம்பிய பிரெண்டர்காஸ்ட் ஹாரிசனைச் சுட்டான். மன்றம் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் ஸ்விஃப்டை இடைக்கால மேயராக்கியது. டிசம்பர் இடைத்தேர்தலில் ஜான் ஹாப்கின்ஸ் சொற்ப வித்தியாசத்தில் ஸ்விஃப்டை வென்று அந்த இடத்தை ஜனநாயகக் கட்சிக்கு மீட்டார். அனுதாப அலை இருந்திருக்கலாம். ஹாரிசனின் மகன் 1897இல் மேயரானதும் ஐந்து முறை வென்றதும் அந்தப் பெயரின் மதிப்பைக் காட்டுகின்றன.

எழக்கூடிய மறுப்புகள்

நிரப்பும் உரிமை இவ்வளவு பெரிது என்றால், நிரப்பப்பட்டவர்கள் ஏன் இத்தனை விரைவாகத் தோற்றார்கள்? பிரவுனிங், ஸ்விஃப்ட், பிலாண்டிக், ஸ்டூவர்ட், சாயர் எல்லாரும் வாக்காளரிடமோ சட்டமன்றத்திடமோ போன பிறகு நிலைக்கவில்லையே. இது நியாயமான மறுப்பு. பிலாண்டிக் 1977 இடைத்தேர்தலில் வென்றார், ஸ்டூவர்ட் ஒரு பொதுத்தேர்தலை வென்றார், ஆனாலும் பொதுப்போக்கு அதுவே. என் பதில் இது. நியமனம் நிரந்தர வெற்றியைத் தருவதில்லை, எதிர்த்தரப்பின் காலத்தைத் திருடுகிறது. கூட்டணி சூடாக இருக்கும்போது அதன் வாரிசைப் பறித்துவிட்டால், ஓராண்டு கழித்து வாக்காளரிடம் போகும்போது பழைய கூட்டணி எஞ்சியிருப்பதில்லை. 1989 அப்படித்தான். கூட்டணி பிளவுபடாதிருந்த 1980இல் அந்த உத்தி தோற்றது.

இரண்டாவது மறுப்பு கடினமானது. வாஷிங்டன் போன்றவர் இல்லாமல்போனதே பேரிழப்பு, அதை மன்ற நடைமுறையாகச் சுருக்குவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்று சொல்லலாம். சிதறக்கூடிய அணிகளை அவர் ஒருவரே பிடித்துவைத்திருந்தார் என்பதை ஏற்கிறேன். ஆகவே ஆளுமைத் தரப்பின் வாதம் இயந்திரத்தைவிட இயக்கங்களுக்கே அதிகம் பொருந்தும் என்று திருத்திச் சொல்லத் தோன்றுகிறது. அமைப்பிடம் நிரப்புவதற்கு ஆளும் விதியும் கைவசம் இருந்தன. இயக்கத்திடம் ஆள் மட்டுமே இருந்தார்.

ஆனால் இயக்கங்கள் எப்போதும் இழக்கவும் இல்லை. ஹாம்ப்டன் எந்தப் பதவியும் வகித்ததில்லை. அவர் தோழர் பாபி ரஷ் 1983இல் ஆல்டர்மேனாகி, பிறகு நாடாளுமன்றத்தில் முப்பதாண்டு இருந்தார். 22ஆவது வார்டில் 1983இல் போட்டியிட்டுத் தோற்ற தொழிற்சங்க அமைப்பாளர் ரூடி லோசானோ அதே ஆண்டு ஜூனில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1986 மறுதேர்தலில் அந்த வார்டை வென்றவர் அவருடைய கூட்டாளி ஹெசூஸ் கார்சியா, பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர். ஹாம்ப்டன், லோசானோ இருவரின் மரணமும் எந்த நாற்காலியையும் காலியாக்கவில்லை. எனவே வாரிசைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எந்தக் குழுவுக்கும் கிடைக்கவில்லை, காலமும் வாக்காளரும் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு உதாரணங்களை வைத்து விதி வகுக்க முடியாது. ஆனால் பதவியோடு இறப்பதும் பதவியின்றி இறப்பதும் வேறுவேறு விளைவுகளைத் தருகின்றனவா என்று கேட்க இவை போதும்.

தீராமல் நிற்பவை

நிரப்பும் உரிமையின் பலம், நிரப்புவோருக்கு வேறு என்ன பலம் இருந்தது என்பதைப் பொறுத்தது. நாஷின் பின்னால் ஆயிரக்கணக்கான அரசு வேலைகள் இருந்தன. 1987இல் சாயரைத் தேர்ந்தெடுத்தோரிடம் அவ்வளவு இல்லை. வேலைநீக்கத்தோடு நில்லாமல் நியமனத்திலும் அரசியலைத் தடுக்கும் ஷாக்மன் ஆணைக்கு 1983இல் வாஷிங்டன் அரசு உடன்பட்டிருந்தது. வேலை கொடுக்கும் ஆற்றல் குறையக் குறைய, நாற்காலியை நிரப்பும் ஆற்றலும் குறைகிறதா? அதற்கு நேர்சோதனை இன்னும் வரவில்லை. 1987க்குப் பிறகு எந்த மேயரும் பதவியில் இறக்கவில்லை. 1999 முதல் மேயர் தேர்தல் கட்சிச் சின்னமின்றி நடக்கிறது, அதனால் கட்சி முதல்நிலைத் தேர்தல் என்ற பழைய களமே இல்லை. துணை மேயர், பிறகு மன்றம் தேர்ந்தெடுக்கும் இடைக்கால மேயர் என்ற விதி மட்டும் தொடர்கிறது.

மூடிய அறைகளில் நடந்த பேச்சுகளைப் பற்றிய ஆவணங்கள் இன்னொரு தடை. 1933இலும் 1976இலும் 1987இலும் எந்த ஆல்டர்மேன் எந்த விலைக்கு எந்தப் பக்கம் வந்தார் என்பதைப் பெரும்பாலும் பின்னாளைய நினைவுகளிலிருந்தே அறிகிறோம். நினைவுகள் சொல்பவருக்குச் சாதகமாகவே அமையும். லூயிஸ் கொலை துலங்கினால் துப்பாக்கித் தரப்பு வலுப்பெறலாம், அதை மறுக்க இப்போதைக்கு வழியில்லை.

மேயர் பதவியைவிடச் சிறிய இடங்களில் தேடுவது அதிகப் பயன் தரலாம். ஆல்டர்மேன் இடம் காலியானால் மேயரே ஒருவரை நியமித்து மன்றத்தின் ஒப்புதல் பெறும் முறை இன்றும் இருக்கிறது. இளைய டேலியின் நீண்ட ஆட்சியில் பல ஆல்டர்மேன்கள் முதன்முதலில் மன்றத்துக்குள் வந்தது இந்த வழியாகத்தான். மரணத்தால் காலியான வார்டுகளையும், ராஜினாமாவாலும் சிறைத்தண்டனையாலும் காலியான வார்டுகளையும் தனித்தனியே பிரித்து, நியமிக்கப்பட்டவர்கள் எத்தனை தேர்தல் தாங்கினார்கள் என்று ஒப்பிட்டால், மரணத்துக்கென்று தனி விளைவு உண்டா, வெற்றிடம் எப்படி உண்டானாலும் ஒன்றுதானா என்பது தெரியவரும்.